ஊறல் வேண்டாம், ஊர் கூடிக் கேட்போம்
பிரம்மதேசம், மரக்காணம் வட்டார மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



நம் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது. தோப்பில் வீணாகப் போகிற முந்திரிப்பழத்திலும், சாலையோரம் உதிர்ந்து கிடக்கிற நாவல்பழத்திலும் நாமே ஒயின் செய்தால் என்ன? கைப்பேசியைத் திறந்தால் செய்முறை வருகிறது. பீங்கான் ஜாடி வீட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நேரத்தில் கேக்கோடு சேர்த்துப் புதுச்சேரி பக்கம் கொடுத்தால் நல்ல காசு பார்க்கலாம். செம்பருத்திப் பூவில் ஒயின் போடுவது எப்படி என்று எனக்கே குரல் பதிவு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி வேறு மாதிரி பரவும். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். (எண்ணாயிரம் பக்கத்தில் சோழர் காலக் கோயில்களோடு இருக்கும் பிரம்மதேசம் வேறு. நான் எழுதுவது திண்டிவனம்–மரக்காணம் சாலையில் இருக்கும் நம் பிரம்மதேசத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும்.)

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு வீட்டிலும் ஊற வைக்காதீர்கள். இதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. அங்கே, எல்லார் முன்னாலும், எழுத்தில் கேட்போம்.

ஆசையில் தப்பில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், தோப்பில் நடப்பதை நானும் வருஷா வருஷம் பார்க்கிறேன். பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் போய் உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிறோம். கொட்டையைத் திருகிக் கோணியில் போடுகிறோம். பழம் மரத்தடியிலேயே குவிகிறது. வெயில் ஏறினால் மெல்லிய தோல் வெடித்துச் சாறு கசிய ஆரம்பிக்கும். மதியத்துக்குள் இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை கிளம்பும். முதலில் ஈ, அப்புறம் குளவி, அதற்கப்புறம் ஆடு. மறுநாள் அந்த இடத்தில் கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும். கொட்டையின் எடையைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை எடையுள்ள பழத்தைத்தான் இப்படி மண்ணுக்குக் கொடுக்கிறோம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. கொட்டைக்கு வியாபாரி வீடு தேடி வருகிறான். பழத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மரக்காணம் தொடங்கி வானூர் வரைக்கும், தெற்கே பண்ருட்டி வரைக்கும் இதே கதைதான்.

பழம் விளைவிக்கிறவர்களின் கழுத்தில் எப்போதும் கயிறு தொங்குகிறது. 2025 கோடையில் தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. அறுவடை நேரம். நம் பக்கத்து வயல்களில் காயை வெட்டாமல் அப்படியே விட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். சாறாகவோ பாகாகவோ மாற்றி ஆறு மாதம் வைத்துக்கொள்ள வழி தெரிந்திருந்தால், ஒரு வாரத்துப் புரளி ஒரு வருஷத்து உழைப்பைத் தின்றிருக்காது. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. பழத்தை ஜாடியில் போட்டுக் காப்பாற்றலாமா என்று நீங்கள் யோசிப்பது அந்தக் கோபத்திலிருந்துதான்.

இப்போது ஜாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். “பழச்சாறு தானே அக்கா, அது எப்படிச் சாராயம் ஆகும்?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பழத்தின் தோலிலேயே கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் இருக்கிறது. தோசை மாவைப் பொங்க வைப்பதில் ஈஸ்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை செலவானால் ஏறக்குறைய 1 சதவீதம் ஆல்கஹால் சேரும். முந்திரிப்பழச் சாற்றில் லிட்டருக்கு நூறு கிராமுக்குமேல் சர்க்கரை இயல்பாகவே உண்டு. அப்படியானால் வெளியிலிருந்து ஒரு பிடி சர்க்கரை போடாமலே அது பீர் அளவுக்கு ஏறிவிடும். கைப்பேசிச் செய்முறையில் சொல்கிறபடி கிலோவுக்கு அரைக் கிலோ சர்க்கரை கொட்டினால் அதற்கும் மேலே போகும். அது பழச்சாறு இல்லை, மது. இதில் நமக்குள் மழுப்பல் வேண்டாம்.

அந்த வாயுவையும் மறக்காதீர்கள். நுரை அடங்குவதற்குள் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கும். அலுமினியக் குண்டானிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ புளிப்புச் சாற்றை ஊற வைத்தால் உலோகம் கரைந்து சாற்றில் இறங்கும். காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் வேறொரு பாக்டீரியா நுழைந்து அத்தனையையும் காடியாக்கிவிடும். செய்முறை போடுகிறவர்கள் கடைசியில் சிவப்பாக மின்னும் கோப்பையைக் காட்டுகிறார்கள், இதையெல்லாம் காட்டுவதில்லை.

பூவைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்கிறேன். செம்பருத்தியில் கெடுதல் இல்லை. புளிச்சக்காயின் சிவந்த இதழிலும் இல்லை. இலுப்பைப்பூவில், அதுவும் உலர்ந்த பூவில், பாதி எடைக்கு மேல் சர்க்கரைதான். மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதிலிருந்துதான் மது வடிக்கிறார்கள். அந்த மாநில அரசு அதற்கு அனுமதியும் கொடுத்திருக்கிறது. ஆனால் நம் வாசலில் செம்பருத்திக்குப் பக்கத்திலேயே அரளியும் பூக்கிறது, வேலியோரம் ஊமத்தையும் பூக்கிறது. இரண்டும் விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவே கூடாது என்று நிறுத்தியது. பூ ஒயின் என்று ஒரு பேச்சு ஊருக்குள் பரவினால், எந்தப் பூ என்று கேட்காமல் பறிக்கும் பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள்.

அடுத்து எழுதப்போவது எழுதக் கை கூசுகிற விஷயம். எழுதாமல் இந்த மடல் முழுசாகாது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்டோர் போனார்கள். அடுத்த வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். எக்கியார்குப்பத்துச் சாவுக்குப் போன வீடுகள் நம் குழுக்களில் உண்டு. அந்தக் குப்பத்துப் பெண்கள் நம்மோடு ஒரே பேருந்தில் வருகிறார்கள். அவர்கள் காதுபட “வீட்டில் ஒயின் போடலாமா” என்று பேசுவதற்கு முன்னால், அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அவர்கள் குடித்தது எந்தப் பழமும் புளித்து வந்ததில்லை. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் சாராயம் என்ற பெயரில் கைமாறி வந்தது. உடம்புக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது, பார்வை மங்குகிறது, மூச்சு திணறுகிறது, அப்புறம் உயிர். பழத்தில் இருக்கும் பெக்டினிலிருந்து எந்தப் பழ ஒயினிலும் துளியளவு மெத்தனால் வரத்தான் செய்யும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. ஊறலை அடுப்பில் ஏற்றி, ஆவியைப் பிடித்து வடிக்க ஆரம்பித்தால் நிலைமை வேறு. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிக்கும், ஆல்கஹால் 78 டிகிரியில். வடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே திரண்டு இறங்கும். ஊற வைப்பதற்கும் வடிப்பதற்கும் நடுவே ஒரு குழாயும் ஒரு பானையும்தான் இடைவெளி. ஒயினுக்கென்று ஆரம்பிக்கிற ஜாடியைப் பார்த்து, வடித்தால் இன்னும் காசு என்று யோசிக்கிற ஆள் எந்த ஊரிலும் ஒருவனாவது இருப்பான். எனக்குப் பயம் அங்கேதான்.

சட்டத்துக்கு வருவோம். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாட்டில் அடிப்படை. ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் முதலில் வந்தது. மாகாணம் முழுக்க அதைக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார்தான். அவர் முதல்வராக இருந்த 1948இல், அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலானது. அப்புறம் கடைகள் மூடின, திறந்தன, மறுபடி மூடின, டாஸ்மாக் வந்தது, 1987இல் கள்ளும் போனது. (கள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. பனையேறிகளின் வழக்கை நம் முந்திரிப்பழத்தோடு சேர்த்துக் குழப்ப எனக்கு மனமில்லை.) சட்டம் மட்டும் நிற்கிறது. அதன் கண்ணில் ஒயினும் மதுதான். உரிமம் இல்லாமல் தயாரித்தால் குற்றம். வீட்டுக்காகவா விற்பதற்கா, ஒரு ஜாடியா ஒன்பது ஜாடியா என்பது குற்றமா இல்லையா என்பதை மாற்றாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024இல் தண்டனையை இன்னும் இறுக்கினார்கள். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கள்ளச்சாராயக்காரர்கள் மேல் குண்டர் சட்டமும் பாய்கிறது.

எக்கியார்குப்பத்துக்குப் பிறகு இந்தச் சாலையில் போலீஸ் கண் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டுச் சமையலறையில் ஊறல் பிடிபட்டால் அது அந்த வீட்டோடு நிற்காது. குழுவின் பெயர் வழக்கில் அடிபடும். வங்கியில் கடன் நிற்கும். இத்தனை வருஷம் சந்தா கட்டிச் சேர்த்த நம்பிக்கை ஒரு ஜாடிக்காகப் போகும். சாராய வழக்கில் உள்ளே போன ஆம்பளைக்கு ஊரில் ஒரு பேச்சு, பொம்பளைக்கு வேறு பேச்சு என்பதையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மற்ற இடங்களில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மேகாலயாவைப் பாருங்கள். அங்கே பிளம், காட்டுச் செர்ரி என்று வீட்டுக்கு வீடு பழ ஒயின் போடுவது ரொம்ப நாள் வழக்கம், ஆனால் சட்டத்தில் இடமில்லை. ஷில்லாங்கில் ஒயின் விழா நடத்தி, இது எங்கள் பழம், எங்கள் கைத்தொழில் என்று ஊரறியக் காட்டி, அரசிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2020இல் விதி மாறியது. வீட்டுப் பழ ஒயினுக்கு உரிமம் பெறலாம் என்றானது. கேரளத்தில் வீட்டு ஒயின் குற்றம் என்று கலால் துறை எச்சரித்துக்கொண்டிருந்த காலம் உண்டு. அதே கேரளம் 2022இல் உள்ளூர்ப் பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதி வகுத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகமே முந்திரிப்பழம், அன்னாசி, வாழைப்பழத்தில் ஒயின் செய்திருக்கிறது. கோவாவில் நாம் மண்ணில் கொட்டுகிற இதே பழத்தை மிதித்துப் பிழிந்து, புளிக்க வைத்து, வடித்து ஃபெனி என்று விற்கிறார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அங்கேயும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலும் கதவு முழுக்கச் சாத்தியில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை ஒயின் ஆலை உரிமத்தோடு வந்திருக்கிறது. முதல் போட்டு ஆலை கட்டுகிறவருக்கு ஒரு வாசல் இருக்கும்போது, பழத்தைப் பொறுக்குகிறவளுக்கு ஒரு சின்ன வாசல் வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

இதைச் சொன்னதும் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “குடியால குடும்பம் அழியுது. கடைய மூடுன்னு கொடி பிடிக்க வேண்டிய நாமளே ஒயினுக்கு உரிமம் கேக்குறதா?” நியாயமான கேள்வி. அந்த அக்கா கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒரு பாதிப் பதில்தான் இருக்கிறது. ஒயினை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். நாவல் ஒயின் சர்க்கரைக்கு நல்லது, முந்திரி ஒயின் ரத்தம் ஊற வைக்கும் என்றெல்லாம் சுற்றுகிற செய்திகளை நம்பாதீர்கள். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. நம் வீட்டு ஆம்பளைகள் கையில் இன்னொரு பாட்டிலைக் கொடுக்கிற திட்டம் என்றால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். நான் கேட்கச் சொல்வது ஒரு கூடம், ஒரு கணக்குப் புத்தகம், ஒவ்வொரு ஊறலுக்கும் ஆய்வகச் சோதனை, ஊருக்குள் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. இத்தனையும் நம் மகளிர் குழுக் கூட்டமைப்பின் கையில். மறைவில் செய்தால்தான் மெத்தனால்காரன் நுழைவான். வெளிச்சத்தில் செய்கிற இடத்தில் அவனுக்கு வேலையில்லை. இதையும் ஏற்காத குழு தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

உரிமம் இன்றைக்குக் கேட்டு நாளைக்கு வருகிற காரியமில்லை. அதுவரைக்கும் பழம் உதிராமல் காத்திருக்காது. இந்தப் பருவத்திலேயே செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது, சட்டம் குறுக்கே நிற்காதது: முந்திரிப்பழப் பாகு.

முந்திரிப்பழச் சாறு தொண்டையில் கரகரப்பதற்கு அதிலுள்ள துவர்ப்புத்தான் காரணம். அதை எடுத்துவிட்டால் சாறு அருமையாக இருக்கும். கேரளத்தில் மடக்கத்தறை முந்திரி ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுக்கும் முறை ரொம்ப எளிது. அடிபடாத பழமாகப் பொறுக்கி, கழுவி, அன்றைக்கே பிழிய வேண்டும். லிட்டருக்கு ஐந்து கிராம் ஜவ்வரிசியை மாவாக்கி, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆற வைத்துச் சாற்றில் கலக்க வேண்டும். ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் துவர்ப்பெல்லாம் கூழோடு சேர்ந்து அடியில் படியும். காலையில் மேலே தெளிந்து நிற்கிற சாற்றைப் பார்த்தால் அது நேற்றைய கலங்கல்தான் என்று நம்ப முடியாது; வைக்கோல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். கீழே இருப்பதைக் கலக்காமல் மேல்சாற்றை மட்டும் வடித்து, சாற்றின் எடையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலான சர்க்கரையும், சிட்ரிக் அமிலமும் சேர்த்துப் பாகாக்கலாம். கரைந்த சர்க்கரை 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்தச் செறிவில் ஈஸ்ட்டுக்கு வேலையில்லை, புளிக்காது. அளந்து பார்க்கப் பிரிக்ஸ் மானி என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. கூட்டமைப்புக்கு ஒன்று வாங்கினால் எல்லாக் குழுவும் பயன்படுத்தலாம். பழைய புடவையைக் கட்டிக்கொண்டு பிழியுங்கள், முந்திரிச் சாற்றுக் கறை எதற்கும் போகாது.

ஆனி, ஆடியில் நாவலுக்கும் இதே வழிதான். அதற்குக் கூழ் தேவையில்லை. விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுக்க வேண்டும். குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதல் கொடுத்தார்கள்; இப்போதும் உண்டா என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். முந்திரிக்கென்றே ரகங்கள் வெளியிட்ட விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் நமக்கு ரொம்பத் தூரமில்லை. கடலைக்கு நம் திண்டிவனம் நிலையம் பெயர் வாங்கிக் கொடுத்ததுபோல் பழத்துக்கும் யாராவது நமக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும்.

தீர்மானத்துக்கு வருகிறேன். மே 1 கிராம சபை முந்திரிப் பருவத்தின் நடுவிலேயே வருகிறது, பழ வாடை மூக்கில் ஏறும் நேரம். அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் வைக்க நான் எழுதியிருக்கும் வாசகம் இது:

“எங்கள் ஊராட்சியில் விளையும் முந்திரிப்பழமும் நாவல்பழமும் ஆண்டுதோறும் வீணாகின்றன. இவற்றிலிருந்து பாகு, சாறு தயாரிக்கப் பயிற்சியும், பொதுப் பிழியும் கூடமும் அமைத்துத் தர வேண்டும். வடித்தலுக்கு இடமின்றி, ஆய்வகச் சோதனைக்கு உட்பட்டு, பழ ஒயின் தயாரிக்க மகளிர் கூட்டமைப்புகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுக்க வேண்டும். அவ்வாறு தயாரிக்கும் ஒயினை எங்கள் ஊராட்சி எல்லைக்குள் விற்க அனுமதிக்கக் கூடாது.”

கடைசி வரியை எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். எக்கியார்குப்பத்துக் குழுவிடம் இந்த வாசகத்தை முதலில் நேரில் கொண்டுபோய்க் காட்டுவோம். அவர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாலும் மாற்றிவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்கு அனுப்புவது. பங்குனிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோப்பில் ஒரு நாளைக்கு எத்தனை கூடைப் பழம் விழுகிறது என்று எழுதி எடுத்து வாருங்கள். அதிகாரிகள் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துத் தோப்புக்காரி ஒருத்தி